நான் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை

பகல்கனவு எல்லாருக்கும்தான் வரும். இதை என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு, அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. 2010-ல் ஹார்வர்டைச் சேர்ந்த மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக, முன்னறிவிப்பே இல்லாமல், இப்போது உங்கள் மனசு எங்கே இருக்கிறது என்று நாளின் இடையிடையே கேட்டுப் பார்த்தார்கள். கேட்ட தருணங்களில் ஏறக்குறைய 47 சதவீதத்தில் மனசு கையிலிருக்கும் வேலையில் இல்லை. அதாவது பாதி நேரம் எல்லாருமே வேறெங்கோ இருக்கிறோம். சரி. ஆனால் அந்த அலைச்சல் பெரும்பாலும் சின்னது, பழைய பேச்சு ஒன்று ஞாபகம் வரும், நாளைக்குச் செய்ய வேண்டியது ஒன்று வரும், வந்த வேகத்தில் போய்விடும். எனக்கு நடப்பது அப்படிப் போய்விடுவதில்லை. அதற்கு மால்அடாப்டிவ் டேட்ரீமிங் என்று பெயர், வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்குப் போய்விடும் பகல்கனவு.

எனக்குள் ஒரு கதை ஓடுகிறது. பள்ளிக்கூட வயதில் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை. அதில் இருப்பவர்கள் என்னோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறார்கள், சண்டை போட்டுப் பிரிந்திருக்கிறார்கள், திரும்பி வந்திருக்கிறார்கள். ஒருவர் இறந்தும் போனார். அன்றைக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு நிஜமாகவே தேம்பி அழுதேன், அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது தலைவலி என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் உலகத்தில் எங்கேயும் இருந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். அழும்போதும் தெரியும். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் முதல் குழப்பமே இங்கேதான் வருகிறது. மனச்சிதைவு உள்ள ஒருவருக்குக் குரல் கேட்டால் பெரும்பாலும் அது வேறு யாருடையதோ என்றுதான் அவருக்குப் படும், தன் மனசு உண்டாக்கியது என்று தோன்றாது. எனக்கு எது கதை எது வீடு என்பதில் ஒரு கணம்கூடச் சந்தேகம் வந்ததில்லை. தெரிந்தே போகிறேன், தெரிந்தே இருக்கிறேன், எழுந்து வர வேண்டும் என்று தெரிந்தும் வர முடிவதில்லை. அதுதான் பிரச்சினை.

உள்ளே போவதற்குப் பாட்டு ஒன்று போதும். சில பாட்டுகளின் முதல் சில நொடிகள் காதில் விழுந்ததுமே காட்சி விரிந்துவிடும், அப்புறம் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடப்பேன், உதடு அசையும், முகத்தில் கோபமும் சிரிப்பும் வந்து வந்து போகும், கை தானாகச் சைகை காட்டும். சிலர் உட்கார்ந்தபடி முன்னும் பின்னும் ஆடுவார்கள், சிலர் பந்தோ பென்சிலோ கையில் கிடைத்ததை உருட்டிக்கொண்டே இருப்பார்கள். உடம்பு ஒரே தாளத்தில் அசைந்தால் உள்ளே படம் இன்னும் தெளிவாகிறது, அவ்வளவுதான் என்னால் விளக்க முடியும். இதை அளப்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். முதலில் 14 கேள்விகள் இருந்தன, இசை இவ்வளவு தூரம் இதில் கலந்திருப்பதைப் பார்த்து அதற்காக இரண்டு கேள்விகளைச் சேர்த்து 16 ஆக்கினார்கள். அந்த இரண்டு கேள்விகளைப் படித்தபோது எனக்கு உண்டான நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பாட்டு போட்டுக்கொண்டு நடக்கும் இன்னும் பலபேர் எங்கோ இருந்திருக்கிறார்கள், அவர்களை யாரோ உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

மால்அடாப்டிவ் டேட்ரீமிங் என்ற பெயரை 2002-ல் வைத்தவர் ஏலி சோமர், இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர். அதிர்ச்சியான அனுபவங்களிலிருந்து மீண்டு வருபவர்களுக்குச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தவர். தன்னிடம் வந்தவர்களில் ஆறு பேர் நாளின் பெரும்பகுதியைக் கற்பனைக்குள்ளேயே கழிப்பதைக் கவனித்து ஒரு கட்டுரை எழுதினார். அவர்களுடைய கற்பனைகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை அதில் வரிசைப்படுத்தியிருக்கிறார்: வன்முறை, தன்னையே எல்லா வகையிலும் உயர்ந்தவராகக் காண்பது, அதிகாரம், சிறைப்படுவது, மீட்கப்படுவதும் தப்பிப்பதும், காமம். வெளியே இருப்பவர்கள் நினைப்பது வேறு. நாங்கள் மேடையில் பரிசு வாங்குவதையும் கைதட்டலையும் மட்டுமே கற்பனை செய்துகொண்டு மனக்கோட்டை கட்டுவதாக நினைக்கிறார்கள். என் கதையில் மேடையைவிடச் சிறைதான் அதிகம். அடிபட்டுக் கிடக்கும் ஒருவரைத் தேடி இன்னொருவர் வருகிற காட்சியை எத்தனை விதமாக ஓட்டியிருக்கிறேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அந்த யாரோ ஒருவர் வந்துசேர்கிற இடம்தான் எனக்கு வேண்டும், அதற்காகவே அந்த அடியும் சிறையும். சோமர் பார்த்த ஆறு பேருக்கும் கடினமான பின்னணி இருந்தது. எனக்கு அப்படிப் பெரிய காயம் எதுவும் இல்லை. அதனால் இது நமக்குப் பொருந்தாதோ என்று ரொம்ப நாள் தயங்கினேன். பின்னால் வந்த ஆய்வுகளில் காயம் இல்லாதவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள்.

அந்தப் பின்னால் வந்த ஆய்வுகளில் 2011-ல் ஜெய்ன் பிகல்சனும் சிந்தியா ஷுபாக்கும் செய்தது எனக்கு நெருக்கமானது. பிகல்சன் இந்த நிலையோடு தானே வாழ்ந்தவர், அதை வெளியே சொன்னவர். தங்களுக்கு இப்படி இருக்கிறது என்று தாங்களாகவே சொல்லிக்கொண்ட 90 பேரிடம் கேட்டார்கள். எது நிஜம் எது கற்பனை என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. பெரும்பாலோர் கற்பனை செய்யும்போது உடம்பையும் அசைத்தார்கள். பெரும்பாலோர் இதை மற்றவர்களிடமிருந்து மறைத்தே வைத்திருந்தார்கள்.

மறைப்பது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைப் பற்றிச் சொல்லத்தான்.

கூட இருப்பவர்களுக்கு இது எப்படித் தெரிகிறது என்று பார்த்தால், முதலில் சோம்பல். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை. குளிக்கப் போனால் வராத பிள்ளை. "இது எந்த லோகத்துல இருக்கோ" என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரிப்பார்கள், அதில் வெறுப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் பிள்ளை அதைக் கேட்டு என்ன முடிவு செய்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. உள்ளே நடப்பதை வெளியே காட்டக்கூடாது என்று முடிவு செய்கிறது. அப்புறம் உதடு அசையாமல் பேசக் கற்றுக்கொள்கிறது. எல்லாரும் தூங்கிய பிறகு நடக்கக் கற்றுக்கொள்கிறது. இதில் ஓய்வு என்பது எங்கேயும் கிடையாது. மூன்று நான்கு பேருடைய கோபத்தையும் துக்கத்தையும் மாறி மாறித் தாங்கிவிட்டு வெளியே வரும்போது உடம்பு துவண்டுபோயிருக்கும், அதே நேரத்தில் வெளியே ஒரு வேலையும் ஆகியிருக்காது. சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு என்ன களைப்பு என்ற கேள்விக்கு என்னிடம் சொல்லக்கூடிய பதில் எதுவும் இருந்ததில்லை.

அடுத்தது பைத்தியம். தனியாகச் சிரிப்பவரை, தனியாகப் பேசுபவரை உலகம் பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறது. அதை விவரிக்க வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். அந்தப் பார்வை ஒரு தடவை மேலே விழுந்தால் போதும், வாழ்நாள் முழுக்க ஜன்னல் திரையைச் சரிபார்த்துக்கொண்டே இருப்போம்.

மூன்றாவது, நல்லெண்ணத்தோடு சொல்வது: இவ்வளவு கற்பனை இருக்கிறதே, எழுதலாமே? நான் யாரையாவது நம்பிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் இது என்னை ரொம்பத் தனியாக்குகிற கேள்வி. ஏனென்றால் உள்ளே ஓடுவது வாசகருக்கான கதையாக இல்லை. கதை என்றால் நகர வேண்டும். எனக்குள் ஓடுவது நகராது, ஒரே காட்சி ஐம்பது விதமாக வரும், ஒரு வசனம் மாறும், ஒருவர் கதவருகே நிற்பதற்குப் பதிலாகப் படிக்கட்டில் நிற்பார், திரும்ப முதலிலிருந்து. எனக்குத் தேவைப்பட்ட அந்த ஓர் உணர்ச்சி வரும்வரை அது சுற்றும். இதிலிருந்து எழுத்தாளர் ஆனவர்கள் இருக்கலாம், அவர்களுக்கு என் வாழ்த்து. எனக்குக் காகிதத்தில் வைத்ததும் எல்லாம் அப்படியே உயிரற்றுப் போகிறது. இதை வரம் என்று சொல்லும்போது, இது என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றைப் பற்றிப் பேச எனக்கு இடமே இல்லாமல் போகிறது.

எடுத்துக்கொண்டது என்ன என்றால், முதலில் நேரம். பரீட்சைக்கு முந்தைய இரவுகள், அனுப்ப வேண்டிய மின்னஞ்சலுக்கும் எனக்கும் நடுவே காணாமல்போன மத்தியானங்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மனிதர்கள் விஷயத்தில்தான் எனக்கு அதிக வலி. உள்ளே இருப்பவர்கள் நான் சொல்லாததையும் புரிந்துகொள்வார்கள், சரியான நேரத்தில் சரியான வார்த்தை சொல்வார்கள், ஏனென்றால் அந்த வார்த்தையை எழுதியதும் நான்தான். நிஜத்தில் ஒரு நண்பருக்கு என் முகம் வாடியிருப்பது தெரியவில்லை என்றால் அதை மன்னிக்க எனக்கு நேரமாகும். எதிரே உட்கார்ந்து ஒருவர் தன் அப்பாவின் உடம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், அவர் சொன்ன ஒரு வார்த்தை உள்ளே ஒரு காட்சியைத் திறந்துவிடும், தலையை ஆட்டிக்கொண்டே நான் போய்விட்டிருப்பேன். அவருக்கு அது தெரிந்துவிடும். எப்படியோ எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

"அப்படின்னா நிறுத்திட வேண்டியதுதானே" என்பார்கள். அரிக்கிற இடத்தைச் சொறியாதே என்று சொல்வது எவ்வளவு சுலபமோ இதுவும் அவ்வளவு சுலபம். நிரித் சோஃபர்-டூடெக் என்ற உளவியலாளரும் சோமரும் 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 77 பேர் 14 நாட்கள் தினமும் தங்கள் நிலையைக் குறித்துக்கொடுத்தார்கள். பகல்கனவு கூடிய நாட்களில் மற்ற கஷ்டங்களும் கூடியிருந்தன, அது எதிர்பார்த்ததுதான். கவனிக்க வேண்டியது, ஓசிடி வகை அறிகுறிகள் (ஒரே எண்ணமோ செயலோ விடாமல் திரும்பத் திரும்ப வருவது) கூடியிருந்தால் அதைத் தொடர்ந்து பகல்கனவும் கூடியது. செய்யாமல் இருக்க முடியாத அந்தத் தவிப்பு இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது போல. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. உள்ளே ஒரு காட்சி சரியாக முடியாமல் நிற்கும்போது வெளியே யார் கூப்பிட்டாலும் நெஞ்சில் ஏறும் எரிச்சலை நான் அறிவேன்.

மருத்துவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் போன ஒருவர் முழுவதும் கேட்டுவிட்டு, கற்பனை வளம் நல்லதுதானே என்றார். அப்புறம் ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் அமைதியின்மையும் சேர்ந்த நிலை, இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அதில் தவறில்லை. 2017-ல் வந்த ஓர் ஆய்வில், இந்த நிலை உள்ள 39 பேரை நேர்காணல் செய்தபோது நான்கில் மூன்று பேருக்கும் அதிகமானவர்களுக்கு ஏடிஎச்டிக்கான அறிகுறிகள் பொருந்தின. ஆனால் 2022-ல் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். ஏடிஎச்டி என்று கண்டறியப்பட்ட 83 பேரை எடுத்துக்கொண்டு அவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பகல்கனவு இருக்கிறது என்று பார்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. எனக்கு இதிலிருந்து புரிவது, எங்களில் பலருக்குக் கவனம் சிதறுவதாகத் தெரிவது உண்மையில் கவனம் உள்ளே ஒரே இடத்தில் குத்திட்டு நிற்பதால் இருக்கலாம் என்பது. கவனக்குறைவு என்று எழுதி அங்கேயே கோப்பை மூடிவிட்டால் கதை யாருக்கும் தெரியாமல் பத்திரமாக ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்றைக்கு இந்தப் பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5-டிஆர் என்ற நோய்க் கையேட்டில் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-லும் இல்லை. இரண்டுமே 2022-ல் நடைமுறைக்கு வந்தவை. மனித இயல்பையெல்லாம் நோயாக்கிக்கொண்டே போகிறார்கள் என்று எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் குழந்தையை எல்லாம் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனால் அது கொடுமை. ஆழமாகப் பகல்கனவு கண்டு அதில் சந்தோஷமாக இருப்பவர்கள் உண்டு, அவர்களுடைய வேலையும் உறவும் கெடுவதில்லை, அவர்களுக்கு எந்தச் சிகிச்சையும் தேவையில்லை. கோடு எங்கே என்றால், வேண்டாம் என்று நினைக்கும்போது நிறுத்த முடிகிறதா, அதனால் வாழ்க்கை நொறுங்குகிறதா என்ற இடத்தில். சோஃபர்-டூடெக்கும் இன்னொருவரும் இஸ்ரேலில் எடுத்த ஒரு மதிப்பீடு அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய 2.5 சதவீதம் என்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவர். அவருக்கு எல்லாருக்கும் வருவதுதான் என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் கொடுமைதான்.

திரும்ப மறைப்பதற்கு வருகிறேன். இந்தப் பழக்கத்துக்குத் தேவை தனிமை. ஆள் இருக்கும் இடத்தில் நடக்க முடியாது, முகம் மாற முடியாது, பாட்டை ஒன்பதாவது தடவை போட முடியாது. அப்படியானால் ஒருவரைத் தனிமையை நோக்கித் தள்ளும் எதுவும் இதற்குத் தீனிதான். வெட்கம் அதைத்தான் செய்கிறது. கேலிக்குப் பயந்து ஆள் கூட்டத்தைத் தவிர்ப்பேன், தவிர்த்த நேரத்தில் உள்ளே போவேன், போய்வந்த பிறகு வெளியே பேச ஒன்றும் இருக்காது, அதனால் இன்னும் தவிர்ப்பேன். எங்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிப்போடு விஷயம் முடிந்ததாக நினைக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின் கதவு சாத்தப்படுவதை அவர்கள் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் இந்த நிலையின் பாதிச் சுமை பகல்கனவிலிருந்து வந்தது, மீதிப் பாதி அதை யாருக்கும் தெரியாமல் வைத்திருந்ததிலிருந்து வந்தது. இதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் நெருங்கிய ஒருவரிடம் சொன்ன பிறகு கதை நிற்கவில்லை, ஆனால் கதவைப் பூட்டுவது நின்றது. கதவு திறந்திருந்தால் நேரம் குறைகிறது.

அவர் செய்தது பெரிதாக ஒன்றும் இல்லை. கதையில் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. அதற்காக அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன், அந்தக் கேள்வி உடம்பைத் திறந்து காட்டச் சொல்வது போன்ற கூச்சத்தைக் கொடுக்கும். எப்போது அதிகமாகிறது என்று மட்டும் கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். தோற்றுப்போன நாட்களில், எதையாவது ஆரம்பிக்கப் பயந்த நாட்களில், வெறும் சலிப்பில். அதைச் சொல்லச் சொல்லத்தான் எனக்கே அது தெரிந்தது.

குணமாக்குகிற மருந்து என்று அங்கீகரிக்கப்பட்ட ஒன்றும் இதற்கு இல்லை. 2009-ல் ஒரு பெண்ணுக்கு ஃப்ளூவாக்சமின் என்ற மருந்து பகல்கனவைக் கட்டுக்குள் வைக்க உதவியதாக ஒரு தனிநபர் அறிக்கை வந்தது, ஒருவரைப் பற்றிய அறிக்கையை வைத்து யாரும் மருந்து கேட்டு வாங்கிவிடக் கூடாது. 2023-ல் வந்த ஆய்வு இன்னும் திடமானது. 353 பேரைப் பிரித்து, இணையம் வழியாகத் தாங்களே செய்துகொள்ளும் மனவிழிப்புப் பயிற்சியை (மனசை இந்தக் கணத்தில் நிறுத்திப் பழகுவது) கொடுத்துப் பார்த்தார்கள், சிலருக்கு அதோடு தங்கள் பகல்கனவைத் தாங்களே குறித்துவைக்கும் வேலையும் இருந்தது. பயிற்சி செய்தவர்களுக்குத் தீவிரம் குறைந்தது. நான் குறித்துவைக்கிறேன். எப்போது போனேன், எதற்கு அப்புறம் போனேன், வெளியே வந்தபோது மணி என்ன. உள்ளே நடந்ததை எழுதுவதில்லை. நடக்கும்போது பாட்டு வைத்துக்கொள்வதை விட்டேன், அது சுலபமாக இல்லை, இன்னும் சில நாட்களில் முடிவதில்லை. கூடவே இருந்த மனச்சோர்வுக்குத் தனியாகச் சிகிச்சை எடுத்தது எதிர்பார்த்ததைவிட அதிகம் உதவியது.

அந்தக் கதையை முழுவதுமாக அழித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. இதைச் சொல்வதால் சிலருக்கு நான் குணமாக விரும்பவில்லை என்று தோன்றும், தோன்றட்டும். ரொம்பக் கஷ்டமான ஒரு வயதில் என்னை நேசித்தவர்கள் அவர்கள்தான், அவர்கள் என்னால் உண்டானவர்கள் என்பது அந்த நேசத்தின் பயனைக் குறைத்துவிடவில்லை. அவர்களோடு இருக்கும் நேரத்தை முடிவு செய்வது நானாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இதைப் படிப்பவர்களில் யாராவது, வீட்டில் ஒரு பிள்ளை சுவருக்குச் சுவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால், கதவைத் திடீரென்று திறந்து சிரிக்காதீர்கள். யாரோடு பேசுகிறாய் என்று கேட்காதீர்கள். இந்த வாரம் எப்படிப் போகிறது என்று கேளுங்கள், பதில் வரவில்லை என்றாலும் பக்கத்தில் உட்காருங்கள். நடக்கிறவர் நீங்களே என்றால், மருத்துவரிடம் போகும் முன் ஒரு வாரக் குறிப்பை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், எத்தனை மணி நேரம், எது தூண்டியது, எதைச் செய்ய முடியாமல் போனது. இது நிஜமில்லை என்று உங்களுக்குத் தெரியும் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், நிறையக் குழப்பம் குறையும். அவருக்கு இந்தப் பெயர் பழக்கமில்லை என்றால் 16 கேள்விகள் கொண்ட அந்த அளவுகோலைக் காட்டுங்கள், பல மொழிகளில் இருக்கிறது. அவர் அதைப் புன்னகையோடு ஒதுக்கிவைத்தால் இன்னொருவரைப் பாருங்கள்.